பாஸ்வேர்டை மாற்றியும் நிற்காத திருட்டு: ஒரு ஸ்டீம் அக்கவுண்ட்டைச் சுத்தம் செய்த அனுபவம்

2022 நவம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பத்தரை மணி இருக்கும், அக்கா மகன் போன் செய்தான். அந்த நேரத்தில் கூப்பிடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை. எடுத்ததும், “மாமா, என்ற கத்தி போயிருச்சுங்க” என்றான். குரல் அடைத்திருந்தது.

கத்தி என்றால் கேமில் வருகிற கத்தி. கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். துப்பாக்கிக்கும் கத்திக்கும் போடுகிற வண்ண உறைகளை ஸ்கின் என்பார்கள். அதனால் ஆட்டத்தில் ஒரு பலமும் கூடுவதில்லை, அழகுதான். ஆனால் கம்ப்யூட்டர் கேம்களை விற்கிற ஸ்டீம் என்ற தளத்தில் அதை வாங்கலாம், விற்கலாம், நண்பருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அரிதான கத்திக்கு நல்ல விலை உண்டு. 2018 டிசம்பரில் அந்த கேம் இலவசமானபோது ஒன்பதாம் வகுப்பில் அக்கவுண்ட் தொடங்கியவன் இவன். தீபாவளிக் காசு, பிறந்த நாள் காசு எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கல்லூரியில் சேர்ந்த பிறகு அந்தக் கத்தியை வாங்கியிருந்தான்.

நடந்ததைக் கேட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பழைய பள்ளி நண்பன் ஒருவனிடமிருந்து ஸ்டீம் சாட்டில் செய்தி வந்திருக்கிறது. “எங்க டீம் ஒரு டோர்னமென்ட்ல இருக்கு, ஒரு ஓட்டு போடுடா” என்று ஒரு லிங்க். போனால் அழகான டோர்னமென்ட் பக்கம். ஓட்டுப் போட ஸ்டீம் வழியாக உள்ளே வரச் சொன்னது. பெயர், பாஸ்வேர்ட், போனில் வருகிற ஸ்டீம் கார்ட் கோடு மூன்றையும் அடித்திருக்கிறான். பக்கம் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. இரவு முழுக்க மனதில் உறுத்தல். சனிக்கிழமை காலை தானாகவே பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். சரி, தப்பித்தோம் என்று இருந்துவிட்டான். ஞாயிறு மாலை கல்லூரி நண்பன் ஒருவன், ஒருநாள் ஆடிவிட்டுத் தருகிறேன் என்று கத்தியை இரவல் கேட்டிருக்கிறான். அவன் ட்ரேட் ஆஃபர், அதாவது இந்தப் பொருளைக் கொடு என்கிற கோரிக்கை, அனுப்ப, இவன் போனில் கன்ஃபர்ம் கொடுக்க, கத்தி போய்விட்டது. நண்பனுக்குத்தான் வந்து சேரவில்லை.

“பாஸ்வேர்டத்தான் மாத்திட்டேனுங்களே மாமா, அப்புறம் எப்படிப் போச்சு?”

நல்ல கேள்வி. அன்று இரவு அதற்கு எனக்கும் முழுப் பதில் தெரியாது. ஈரோட்டில் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன், வைரஸ் பிடித்த மெஷின் ஆயிரம் பார்த்திருக்கிறேன். ஆனால் கேம் அக்கவுண்ட்டை இப்படி ஆணிவேர் வரை தோண்டியது அதுவே முதல் தடவை. அன்று நான் ஒரு தப்பும் செய்தேன். “உன் கம்ப்யூட்டர்லயே இன்னொரு தடவை பாஸ்வேர்ட மாத்திட்டுத் தூங்கு, காலையில வர்றேன்” என்றேன். அவன் கம்ப்யூட்டரிலேயே ஏதாவது உட்கார்ந்திருந்தால், புதுப் பாஸ்வேர்டையும் திருடன் கையில் எடுத்துக் கொடுத்தது போலத்தானே? படுத்த பிறகுதான் அது உறைத்தது. உடனே எழுந்து, கம்ப்யூட்டரை அணைத்து நெட் வயரையும் கழற்றிவிடச் சொன்னேன்.

திங்கள் காலை கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “காசு கீசு ஏதாச்சும் போச்சா?” என்று மெதுவாகக் கேட்டார். மச்சான் வேலைக்குக் கிளம்பும்வரை பையன் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்றேன். “அப்பாவுக்குத் தெரிஞ்சா கம்ப்யூட்டரையே எடுத்துப் போட்ருவாருங்க” என்றான். அந்த இரண்டு நாள் பயத்தில்தான் கத்தி போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. இதை அக்காவிடம் தனியாக எடுத்துச் சொன்னேன், மாலையில் மச்சானிடமும் சொன்னேன். இவன் ஏமாளி இல்லை. 2015 டிசம்பரில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, அப்போது மாதத்துக்கு ஏறத்தாழ 77,000 அக்கவுண்ட்கள் பறிபோய்க் கொண்டிருந்தன. அவற்றில் தொழில்முறை ஆட்டக்காரர்களுடையதும், பொருள் வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுடையதும் உண்டு என்று அவர்களே சொன்னார்கள். அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் பையன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

என் லேப்டாப்பில் வேலையைத் தொடங்கினோம். அதில் கேம் எதுவும் கிடையாது, கண்ட ஃபைலும் ஏறியதில்லை. முதலில் திறந்தது ட்ரேட் ஆஃபர் வரலாறு. அதிலேயே விடை இருந்தது.

ஒரே பெயர், ஒரே படம், இரண்டு ஆஃபர். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் நண்பன் இரண்டு தடவை அனுப்பியது போலத்தான் தெரியும். முதல் ஆஃபர் நிராகரிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது ஏற்கப்பட்டிருந்தது. “முதல்ல வந்தத நீ வேண்டாம்னு தள்ளுனியா?” என்றேன். “இல்லீங்க மாமா, எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு” என்றான். இரண்டாவது ஆஃபரில் இருந்த பெயரைத் தட்டினோம். ஸ்டீம் லெவல் பூஜ்யம். நண்பனுடைய லெவல் இருபதுக்கு மேல். நண்பர் பட்டியலிலேயே இல்லாத ஓர் அக்கவுண்ட், நண்பனின் பெயரையும் படத்தையும் அப்படியே போட்டுக்கொண்டு நின்றிருக்கிறது.

அடுத்து ஸ்டீமின் வெப் ஏ.பி.ஐ. கீ பக்கத்தைத் திறந்தேன். கேம் தொடர்பான தளமோ செயலியோ எழுதுகிறவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது. சாதாரணமாக ஆடுகிறவருக்கு அது தேவையே இல்லை, அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. இவனுடையதில் நீளமாக ஒரு கீ பதிவாகியிருந்தது, பக்கத்தில் இவன் கேள்விப்பட்டே இராத ஓர் இணையதளத்தின் பெயர். வெள்ளிக்கிழமை பாஸ்வேர்டும் கோடும் கையில் கிடைத்ததும் திருடன் முதலில் செய்த வேலை இதுதான். பொருளை உடனே தூக்காமல் ஒரு கீயைச் செய்து வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அந்தக் கீ இருந்தால் அக்கவுண்ட்டுக்கு வருகிற ஆஃபர்களைப் பார்க்கலாம், நிராகரிக்கலாம். மனிதன் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை, ஒரு நிரல் பார்த்துக்கொள்ளும். நண்பனின் ஆஃபர் வந்த கணத்தில் அதைத் தள்ளிவிட்டு, தன் போலி அக்கவுண்ட்டுக்கு அவன் பெயரையும் படத்தையும் மாட்டி, அதே கத்தியைக் கேட்டு இன்னொரு ஆஃபர் அனுப்பியிருக்கிறது. பையன் போனில் பார்த்ததும் கன்ஃபர்ம் கொடுத்ததும் அதற்குத்தான். பாஸ்வேர்டை மாற்றினாலும் இந்தக் கீ சாகவில்லை. வீட்டுப் பூட்டை மாற்றியாயிற்று, திருடன் பரண்மேல் இருக்கிறான் என்கிற நிலைமை.

அந்தப் பக்கத்தில் கீயை ரத்து செய்கிற பொத்தான் ஒன்று இருக்கிறது. பையனையே அழுத்தச் சொன்னேன்.

செய்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் ஒன்றையும் விடக் கூடாது. முதலில் கீ ரத்து. இரண்டாவது, ஸ்டீம் கார்ட் பக்கத்துக்குப் போய் மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுவது. மூன்றாவது, சுத்தமான மெஷினிலிருந்து புதுப் பாஸ்வேர்ட். நான்காவது, மற்றவர்கள் நமக்கு ஆஃபர் அனுப்பப் பயன்படுத்துகிற ட்ரேட் லிங்கைப் புதிதாக மாற்றுவது. ஐந்தாவது, புரொஃபைலில் உள்ள மெயில், போன் நம்பர் இரண்டும் நம்முடையவைதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்ப்பது. பலபேர் மூன்றாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறார்கள். இவனும் அதைத்தான் செய்திருந்தான்.

ஐந்தாவதைப் பார்க்கும்போது இன்னொரு சந்தேகம் வந்தது. சனிக்கிழமை பாஸ்வேர்ட் மாற்றியபோது, மாற்றப்பட்டது என்று ஒரு மெயில் வந்திருக்க வேண்டுமே, பார்த்தாயா என்றேன். பார்த்த ஞாபகம் இல்லை என்றான். ஜிமெயிலைத் திறந்து தேடினால் இன்பாக்ஸில் இல்லை, குப்பையில் கிடந்தது. ஸ்டீமிலிருந்து வந்த எல்லா மெயிலும் மூன்று நாளாகக் குப்பைக்கே போயிருந்தன. செட்டிங்ஸில் ஃபில்டர் பகுதிக்குப் போனேன். ஸ்டீம் என்ற சொல் இருக்கிற மெயில் எதுவானாலும் அழித்துவிடு என்று ஒரே ஒரு ஃபில்டர். ஸ்டீமுக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தான், மெயிலுக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பும் போடவில்லை. திருடன் அந்தப் பாஸ்வேர்டை மெயிலிலும் போட்டுப் பார்த்திருக்கிறான், திறந்துகொண்டது.

எனக்கு உண்மையில் பயம் வந்தது இந்த இடத்தில்தான். கத்தி போனது ஒரு நஷ்டம், அவ்வளவுதான். மெயில் போனால் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று கேட்டு எதை வேண்டுமானாலும் திறக்கலாம். கல்லூரி, பாங்க், எல்லாமே அந்த ஒரு மெயிலில்தான் இருக்கின்றன. ஃபில்டரை அழித்தோம். மெயில் ஃபார்வர்ட் ஆகிறதா என்று பார்த்தோம், நல்லவேளை இல்லை. எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலில் எங்களுக்குத் தெரியாத ஒன்று இருந்தது, வெளியேற்றினோம். மீட்பு மெயிலும் மீட்பு எண்ணும் மாறவில்லை. புதுப் பாஸ்வேர்ட் போட்டு, இரண்டு கட்டப் பாதுகாப்பையும் போட்டோம்.

ஒரே பாஸ்வேர்டைப் பல இடத்தில் வைப்பது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு 2020-இல் நின்டென்டோ ஆட்டக்காரர்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். பழைய முறை லாகின் வழியாக உள்ளே நுழைந்து சுமார் 1,60,000 அக்கவுண்ட்கள் பாதிக்கப்பட்டதாக ஏப்ரலில் அந்த நிறுவனம் அறிவித்தது, ஜூனில் அந்த எண்ணிக்கை 3,00,000 ஆனது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள் என்றுதான் அப்போதும் கேட்டுக்கொண்டார்கள். வேறெங்கோ கசிந்த பாஸ்வேர்ட் மூட்டையை எடுத்து வந்து ஒவ்வொரு பூட்டிலும் போட்டுப் பார்ப்பது இவர்களுடைய அன்றாட வேலை. நம் மெயில் முகவரி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று பார்க்க, ட்ராய் ஹன்ட் என்பவர் 2013-இல் தொடங்கிய ஹாவ் ஐ பீன் போன்டு என்ற தளம் இருக்கிறது. பையனுடைய முகவரியைப் போட்டோம். பழைய கசிவு ஒன்றில் இருந்தது. எட்டாம் வகுப்பில் எங்கோ ஓர் ஆட்டத் தளத்தில் பதிந்தது, அவனுக்கு நினைவே இல்லை.

மதியத்துக்கு மேல் அவன் கம்ப்யூட்டருக்கு வந்தேன். டவுன்லோட் ஃபோல்டரைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன், ஃபார்மட்தான் என்று. இலவசமாக எல்லா ஸ்கின்னும் மாற்றித் தருகிறேன் என்கிற ஒரு மென்பொருள் அதில் கிடந்தது. ஏதோ வீடியோவின் கீழே இருந்த லிங்கிலிருந்து இறக்கியது. ஓட்டுவதற்கு முன் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை அணைத்துவிடவும் என்று கூடவே ஒரு குறிப்பு. அணைத்துத்தான் ஓட்டியிருக்கிறான். இந்த வகை ஃபைலில் பெரும்பாலும் ஒளிந்திருப்பது தகவல் திருடிகள். ப்ரவுசர் சேமித்து வைத்திருக்கிற பாஸ்வேர்டுகளையும், நாம் ஏற்கனவே லாகின் செய்தவர் என்று தளத்துக்குக் காட்டுகிற குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி போனால் பாஸ்வேர்டும் வேண்டாம், கோடும் வேண்டாம், ஏற்கனவே திறந்திருக்கும் கதவு வழியாக நேரே உள்ளே வரலாம். அந்த நாளில் அதிகம் பரவியிருந்த ரெட்லைன் என்ற திருடியின் சர்வர்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸும் அமெரிக்க எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து கைப்பற்றினார்கள். அதற்குப் பிறகும் வேறு பெயரில் வேறு திருடிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இவன் மெஷினில் ஓடியது எது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஸ்கேன் போட்டதில் இரண்டு ஃபைல் மாட்டின. மாட்டாதது எத்தனை என்று ஸ்கேன் சொல்லாது. என் தொழில் அனுபவத்தில், டிஃபெண்டரை அணைத்து ஒரு முறை ஓட்டிய மெஷினை ஸ்கேன் செய்து நம்புவதைவிடத் துடைத்துப் போடுவது நல்லது. என் லேப்டாப்பில் விண்டோஸ் பென்டிரைவ் தயார் செய்து, படங்களையும் கல்லூரி நோட்ஸையும் மட்டும் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கில் இருந்த எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்துப் புதிதாகப் போட்டேன். கேம் மறுபடி இறங்கப் பாதி ராத்திரி ஆயிற்று. ப்ரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் பெயர் பெயராக எழுதி, அன்று இரவும் மறுநாளும் ஒவ்வொன்றாக மாற்றினோம். இருபத்து மூன்று இருந்தன.

செவ்வாய்க்கிழமை நான் செய்து பார்த்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பதிவை எழுதுவதற்கே அதுதான் காரணம்.

அந்த ஓட்டு லிங்க் இன்னும் உயிரோடு இருந்தது. கடையில் உதவாமல் கிடந்த பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டினேன். தெரியாதவர்கள் இதை முயன்று பார்க்க வேண்டாம். பக்கம் திறந்தது. லாகின் பொத்தானை அழுத்தியதும் சின்ன ஜன்னல் ஒன்று மேலே எழுந்தது. அதற்குத் தனியாக முகவரிப் பட்டை, பூட்டுச் சின்னம், உள்ளே ஸ்டீமின் உண்மையான முகவரி, ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. முகவரியைப் பார்த்துவிட்டு அடி என்று நாம் எல்லாரிடமும் சொல்கிறோமே, பையன் பார்த்துத்தான் அடித்திருக்கிறான். அவன்மேல் தப்பே இல்லை.

ஆனால் என் கண்ணில் ஒன்று பட்டது. நான் ஓட்டுவது உபுண்டு. அந்தச் சின்ன ஜன்னலின் மூலையில் இருந்ததோ விண்டோஸின் மூடு பொத்தான். உபுண்டுவில் ஏது விண்டோஸ் ஜன்னல்? ஜன்னலின் தலைப்பகுதியைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் இழுத்தேன். ப்ரவுசரின் விளிம்பு வரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. இன்னும் இழுத்தால் பாதி ஜன்னல் விளிம்புக்கு அடியில் மறைந்தது. உண்மையான ஜன்னலாக இருந்தால் ப்ரவுசரை விட்டு வெளியே வந்து டெஸ்க்டாப் மேல் நின்றிருக்கும். ப்ரவுசரைக் கீழே இறக்கினேன், இதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது. அது ஜன்னலே இல்லை. பக்கத்துக்குள் வரைந்து வைத்த படம். பூட்டுச் சின்னம், முகவரி எல்லாமே வரைந்தவை. இந்த உத்தியை 2022 மார்ச்சில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் விளக்கி எழுதியிருக்கிறார், ப்ரவுசருக்குள் ப்ரவுசர் என்று அதற்குப் பெயர். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டீம் ஆட்டக்காரர்களை இதை வைத்து ஏமாற்றுவதாக குரூப் ஐ.பி. என்ற நிறுவனம் எச்சரித்திருந்தது. எங்களுக்கு அது தெரியவரவில்லை.

சும்மா ஒரு பொய்ப் பெயரும் பாஸ்வேர்டும் அடித்துப் பார்த்தேன். தப்பான பாஸ்வேர்ட் என்று வந்தது. அதாவது நாம் அடிப்பதை அந்தக் கணமே உண்மையான ஸ்டீமில் போட்டுச் சரிபார்க்கிறார்கள். ஸ்டீம் கார்ட் கோடு 30 நொடிக்கு ஒரு முறை மாறும். அந்த 30 நொடிக்குள்ளேயே கோடையும் வாங்கி உள்ளே போய்விடுகிறார்கள். கோடு போட்டால் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிற பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். கோடு வேண்டும்தான், ஆனால் அதை எந்த ஜன்னலில் அடிக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். கியூ.ஆர். படத்தைக் காட்டி ஸ்டீம் செயலியால் ஸ்கேன் செய்யச் சொன்னாலும் இதே கதைதான். ஸ்கேன் செய்து சரி என்று கொடுத்தால் திருடனுடைய கம்ப்யூட்டரை நாமே உள்ளே விட்டதாகிவிடும்.

பையனைக் கடைக்கு வரவழைத்து, அவன் கையாலேயே ஜன்னலை இழுத்துப் பார்க்க வைத்தேன். நான்கைந்து தடவை இழுத்தான். ஒன்றும் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து, வெள்ளிக்கிழமை லிங்க் அனுப்பிய பள்ளி நண்பனுக்குப் பேசினான். அவனுக்கு விஷயமே தெரியாது. அவன் அக்கவுண்ட் பத்து நாளாக இன்னொருவன் கையில் இருந்திருக்கிறது. பரீட்சை நேரம், அவன் கேம் பக்கமே வரவில்லை. அவனுக்கும் அன்று மாலையே போனில் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தோம்.

பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்புகிற பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் போட்டோம். எல்லாவற்றையும் நினைவில் வைக்கிற சிரமம் இல்லை என்பதற்காகத்தான் எல்லாரும் மேனேஜரைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அது ப்ரவுசரின் உண்மையான முகவரியை மட்டும் பார்க்கும், பக்கத்தில் வரைந்த முகவரியைப் பார்க்காது. போலிப் பக்கத்தில் அது பாஸ்வேர்டை நிரப்பாமல் சும்மா இருக்கும். மேனேஜர் நிரப்பவில்லை என்றால் கையால் அடிக்காதே, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு எனக்குப் போன் செய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மேனேஜரைத் திறக்கிற தலைமைப் பாஸ்வேர்ட் ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைக்க வேண்டும். அதை டைஸ்வேர் முறையில் செய்தோம். தாயக்கட்டையை ஐந்து முறை உருட்டினால் ஓர் ஐந்திலக்க எண் வரும். பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு சொல் இருக்கும். ஒன்றிலிருந்து ஆறு வரை ஐந்து முறை என்பதால் பட்டியலில் மொத்தம் 7,776 சொற்கள். ஆறு சொல் எடுத்தோம், முப்பது முறை உருட்டினோம். லூடோ டப்பாவிலிருந்து எடுத்த கட்டை ஒன்றுதான் இருந்தது, அக்காவும் உட்கார்ந்து உருட்டினார். ஆறு சொல்லையும் கோத்துப் பையன் ஒரு கதை செய்துகொண்டான். அந்தக் கதை என்ன என்று எனக்கே சொல்லவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்டீமின் மீட்புக் கோடு. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும், பக்கத்தில் எண்கள். போன் தொலைந்தாலோ உடைந்தாலோ அதுதான் வழி. அதைப் போனிலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தான். போன் தொலைந்தால் கோடும் சேர்ந்து தொலையுமே! ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் எழுதினோம். அதோடு மெயிலின் பேக்கப் கோடுகள் பத்தும், அக்கவுண்ட் தொடங்கிய மாதமும், முதன்முதலில் வாங்கிய கேமின் ரசீது எண்ணும். அக்கவுண்ட் முழுதாகப் பறிபோனால் உரிமையாளர் நாம்தான் என்று காட்ட, வாங்கியதற்கான ஆதாரம் கேட்பார்கள். நோட்டு ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது. போன் நம்பர் விஷயத்தையும் அக்காவிடம் சொன்னேன். அக்கவுண்ட்டோடு இணைத்த சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், நாளடைவில் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும், கோடும் அவருக்குத்தான் போகும்.

சின்னவன் ஒருவன் இருக்கிறான், ஆறாம் வகுப்பு, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவன். அவனுடையது கெஸ்ட் லாகின், அதாவது வேறு எந்த அக்கவுண்ட்டோடும் இணைக்காதது. செயலியை அழித்தாலோ போனை மாற்றினாலோ அந்த ஐடி கிடைப்பது கஷ்டம். கூகுள் அக்கவுண்ட்டோடு இணைத்து, அந்தக் கூகுள் அக்கவுண்ட்டுக்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பு போட்டேன். இந்த வகை கேமுக்குத் தனிப் பூட்டு கிடையாது, எதோடு இணைத்தோமோ அதன் பூட்டுதான். லெவல் ஏற்றித் தருகிறேன் என்று ஐடி பாஸ்வேர்ட் கேட்ட பக்கத்துத் தெரு அண்ணனுக்கு இனிமேல் கொடுப்பதில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான். இலவச டைமண்ட் (அந்த கேமில் செலவழிக்கிற காசு) என்கிற எந்தப் பக்கமும் டைமண்ட் தராது என்பதை நம்ப மட்டும் அவனுக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

கத்தி திரும்பி வரவில்லை. கைமாறிய பொருளைத் திருப்பித் தருவதில்லை என்பது அன்றைக்கு ஸ்டீமின் விதி. பறிபோனதற்குப் பதிலாக இன்னொன்றைச் செய்து கொடுத்தால், அரிய பொருள் இரண்டாகிப் பெருகி, மற்ற எல்லாருடையதும் மதிப்பிழக்கும் என்பது அதற்கு அவர்கள் சொன்ன காரணம். 2025 ஜூலையில் ட்ரேட் பாதுகாப்பு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கவுன்டர் ஸ்ட்ரைக் பொருள் கைமாறினால் ஏழு நாளுக்குள் உரிமையாளர் அதைத் திரும்பப் பெறலாம். அந்தச் செய்தி வந்த அன்று பையன் எனக்கு அனுப்பினான். மூன்று வருடம் முன்னால் வந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஏழு நாள் கழித்துத்தான் கவனித்தோம் என்றால் அப்போதும் போனது போனதுதான், ஆகவே வரலாற்றைப் பார்க்கிற வேலை இன்னும் இருக்கிறது. பாங்க் பணமோ யு.பி.ஐ. பணமோ போயிருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்திருப்பேன். பணம் போன அந்த முதல் சில மணி நேரம்தான் அதற்கு முக்கியம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் அந்த ஏ.பி.ஐ. கீ பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். காலியாகத்தான் இருக்கிறது. இப்போது வேலைக்குப் போகிறான், போன வருடம் புதுப் போன் வாங்கினான். ஸ்டீம் கார்டைப் புதுப் போனுக்கு மாற்றியபோது மீட்புக் கோடும் மாறிவிட்டது. பீரோவைத் திறந்து நோட்டை எடுத்து வந்தது அக்காதான். பழையதைப் பேனாவால் அடித்துவிட்டு, பையன் போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல, புதிய கோடை ஒவ்வொரு எண்ணாக எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே, “இன்னொருக்கா சொல்லு, சரி பார்த்துக்கறேன்” என்றார்.